பதினோராம் எண்

மஸ்கட்டிலிருந்து மைத்துனன் தூக்கி வந்த காபி மிஷினுக்கு
பதினான்கு மொழியில் கையேடு.
தமிழ் இல்லை.
படம் இருக்கிறதே, என்றாள் மங்கை.
ஒரு சொட்டு. ஒரு கொட்டை. ஒரு முக்கோணம்.
முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி,
யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கத்துவது போல.

எனக்கு இதெல்லாம் பழகிய பாஷை என்று நினைத்தேன்.
கடலூர் துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டு ஏற்றுகிறவன்.
மூன்றாம் எண் ஏற்றப்பட்டுள்ளது என்று
செய்தியில் வாசிப்பார்களே,
அந்தச் செயப்பாட்டு வினைக்குள்
கயிறு இழுத்துக் கை காய்த்துப்போனவன்.

சொட்டு எரிந்தது. தண்ணீர் ஊற்றினேன், அணைந்தது.
கொட்டை எரிந்தது. கொட்டினேன், அணைந்தது.
மெதுவாகச் சிமிட்டினால் சூடாகிறது, பொறு.
வேகமாகச் சிமிட்டினால் ஏதோ தப்பு, எழுந்து வா.
சக்கைத் தட்டைக் கழுவித் துடைத்துச் செருகியும்
நிறைந்துவிட்டது என்றே சாதித்தது ஒருநாள்.
மிஷின் ஓடும்போது உருவினால்தான்
அது எண்ணிக்கையை மறக்குமாம்.
அணைத்துவிட்டு நான் கழுவிய கழுவல்
கணக்கில் ஏறவில்லை.
அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவனுக்கு
இது புரியச் சிரமமில்லை.

ஆரஞ்சு மட்டும் அடங்கவில்லை.
முதுநகர் போர் தண்ணீர்.
குழாய் வாயில் வெள்ளை பூக்கும்,
குக்கரின் வயிற்றில், மங்கையின் வளையலில்கூட.
உள்ளே சுண்ணாம்பு படிகிறது, கழுவு, என்று அர்த்தம்.
ஒன்பது நாள் அதை எரியவிட்டே குடித்தோம்.
ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.
மூன்றாம் எண்ணுக்கு நேர் கீழே உட்கார்ந்து
சோனாங்குப்பத்துப் பையன்கள் சீட்டாடுவதை
எத்தனை முறை திட்டியிருப்பேன்.
பத்தாம் நாள் காபி நூலாக இறங்கியது.
மங்கை எலுமிச்சை உப்பு வாங்கிக் கரைத்து ஊற்ற,
முக்கால் மணி நேரம் இருமி இருமித் துப்பியது.

கார்த்திகையில் புயல்.
ஏழாம் எண் ஏற்றிவிட்டு
மூன்று இரவு ஆபீசிலேயே கிடந்தேன்.
இருட்டில் கூண்டு தெரியாது, விளக்குதான்,
சிவப்பும் வெள்ளையும் மேலும் கீழுமாக.
வரிசை மாறினால் பொருள் மாறும்.
இரண்டாம் நாள் வீட்டுக்கு லைன் போகவில்லை.
டவர் விழுந்திருக்கும் என்று தெரியும்.
தெரிந்தேதான் பதிமூன்று முறை அடித்தேன்.

வந்து பார்த்தால்
சுவரில் முட்டியளவு சேற்றுக்கோடு.
மிஷின் பரண்மேல்,
பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக.
கையேடு மட்டும் கீழேயே இருந்துவிட்டது.

கரண்ட் வந்த அன்று இறக்கிச் செருகினோம்.
ஒரு நொடி எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது.
தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது.
அப்போதுதான் பார்த்தேன், ஓரத்தில் ஒரு நீலம்.
இத்தனை மாசத்தில் ஒருநாளும் எரியாதது.
கையேட்டில் அந்தப் பக்கம் ஊறி
அடுத்ததோடு ஒட்டியிருந்தது.
பிரித்தால் இரண்டும் கிழியும்.

படகு எஞ்சின் பார்க்கும் ஜக்கரியாவைக் கேட்டேன்.
எரியாத விளக்குக்கு எதுக்குப்பா அர்த்தம், என்றான்.

எங்கள் பட்டியலில்
பத்துக்கு மேலேயும் ஓர் எண் உண்டு.
பத்தோடு முடிந்தது என்று ஊர் நினைக்கும்.
பதினொன்றில் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.
வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது,
அவ்வளவுதான்.
அதை நான் ஏற்றியதே இல்லை.
வருஷத்துக்கு ஒருமுறை துரு சுரண்டி
பெயின்ட் அடித்து வைக்கிறேன்.

மங்கையிடம் இதைச் சொன்னேன்.
டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பதிமூன்று மிஸ்டு கால், என்றாள்.
டவர் வந்ததும் மொத்தமாக வந்து விழுந்தது.
பரண் ஏணியில் உட்கார்ந்து எண்ணினேன்.

சொட்டு எரிந்தது.
எழுந்து போய் ஊற்றினேன்.